மைல் சீட்டு

ஜூன் 14, 2025 – சனி

இன்று முதலாளி வீட்டார் நான்கு பேருக்கும் போர்டிங் பாஸ் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஜெர்மனி. பிசினஸ் கிளாஸ். என் அடையாள அட்டையில் ‘மெர்ச்சண்டைசிங் அசிஸ்டெண்ட்’ என்று இருக்கிறது. உண்மையில் பட்டன் வாங்குவேன், லேபிள் வாங்குவேன், வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் போடுவேன், முதலாளியின் பெட்டிக்குப் பூட்டுக்கூட வாங்குவேன்.

“எத்தனை லட்சமுங்க சார் ஆச்சு?” என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

முதலாளி பூபாலன் சார் கோபப்படவில்லை. கோபப்படும் ஆள் இல்லை அவர். “எல்லாம் மைல்ஸ் கண்ணு. நூல் பில்லு பூராக் கார்டுல கட்டறேன். ஏரோப்ளேன்காரன் கூப்புட்டுக் கூப்புட்டு டிக்கெட் குடுக்கறான்” என்றார்.

நூலைத் துணியாக்கி, துணியைப் பனியனாக்கிப் பெட்டியில் அடைப்பது கீழே இருக்கும் நூற்றுப்பத்து பேர். பறப்பது நான்கு பேர்.

ஆனால் நானும் யோக்கியம் இல்லை. போன மாதம் சாம்பிள் பெட்டி கொடுக்கக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போனபோது, டை கட்டிய பையன் ஒருவன் நீட்டிய கிரெடிட் கார்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டு வந்தேன். கார்டு நேற்று வந்துவிட்டது. நீல நிறம், மூலையில் விமானத்தின் வால். கார்டில் செலவழிக்கும் நூறு ரூபாய்க்கு இரண்டு மைல். சேர்ந்ததற்கே எட்டாயிரம். பதினெட்டாயிரம் சேர்ந்தால் ஷார்ஜா போய்வர ஒரு டிக்கெட்.

ஷார்ஜாவில் அக்கா இருக்கிறாள். முழுகாமல் இருக்கிறாள், நான்காம் மாதம்.

ஜூன் 22 – ஞாயிறு

ஊத்துக்குளியில் வீடு. அம்மாவிடம் மைல் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன்.

“ஓசீலயா? பாதி வழீல எறக்கி உட்டுற மாட்டாங்களே?”

“வானத்துல எங்கம்மா எறக்கி விடுவாங்க?”

“உனக்கென்ன தெரியும், கவருமெண்டு பஸ்லயே எறக்கி உடறான்.”

அம்மா கோயம்புத்தூரைத் தாண்டியதில்லை. இரண்டு எருமை, சொசைட்டிக்குப் பால், மிச்சத்தில் வெண்ணெய். அக்காவுக்கு டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் பிரசவம். அவள் கணவர் பிரதீப் மாமா வேனில் தண்ணீர் கேன் போடுகிறார், காலை நான்கு மணிக்குப் போனால் இரவுதான் வீடு. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்கக்கூட ஆள் இல்லை. போன பிரசவத்தில் அந்த ஊரில் தனியாகக் கிடந்துதான் குழந்தையையும் இழந்தாள். அதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அம்மா போயே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் மறுபேச்சும் இல்லை.

டிக்கெட்டுக்கென்று பதினெட்டாயிரம் தபால் ஆபீசில் வைத்திருந்தோம். இப்போது ஷார்ஜா போய்வர விமான டிக்கெட்டும் அதே பதினெட்டாயிரம் ரூபாய்தான். நான் சொன்னேன்: “அதை எடுத்துப் பாஸ்போர்ட், விசா, குழந்தைக்கு ஏதாவது நகைன்னு செலவு பண்ணலாம்மா. டிக்கெட் நான் பாத்துக்கறேன்.”

நான்தான் சொன்னேன். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 3 – வியாழன்

என் சம்பளத்தில் கார்டைத் தேய்த்தால் பதினெட்டாயிரம் மைல் சேர மூன்று வருடம் ஆகும். சாப்பாட்டு நேரத்தில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தேன். சீனியக்கா தயிர்சாதத்தை வழித்துக்கொண்டே கேட்டது. மானாமதுரைப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் மிஷின் டெய்லர், பதினான்கு வருடமாக இந்த ஊர்.

“ஏத்தா, இது நம்ம சீட்டு மாதிரித்தானே? எல்லாரும் போடுறோம், ஒருத்தி எடுக்குறா.”

“அது காசுக்கா. இது மைலு.”

“மைலாவது கல்லாவது. எங்க கரண்டு பில்லு, கேஸு, செல்லுக்குப் போடுறது, பிள்ளைக பீஸு, எல்லாம் உன் அட்டையில இழு. சனிக்கெழம சம்பளத்துல எண்ணிக் குடுத்துர்றோம். மொத எடுப்பு உங்க அம்மாவுக்கு. பிள்ளப்பேறுக்கு மிந்தி எதுவும் கெடையாது. ரெண்டாவது எனக்கு. சிங்கப்பூர்ல எம்மகன் மாரிச்செல்வம் நாலு வருசமாக் கெடக்கான். அவன் வரமாட்டான், நான் போயி நாலு சாத்துச் சாத்திட்டு வாரேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அங்கேயே சீனியக்காவோடு ஏழு பேர் சேர்ந்தாயிற்று. சீட்டு என்றால் இந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை. வாரச் சம்பளம், வாரச் சீட்டு, வார வட்டி. சனிக்கிழமை என்ற ஒரு கிழமையை நம்பித்தான் இங்கே ஏழு நாளும் ஓடுகிறது.

கம்பெனிக்கு வாங்கும் பட்டன், லேபிள், ஜிப் எல்லாவற்றுக்கும் நான் கைக்காசு போட்டு வாங்கிவிட்டுச் சனிக்கிழமை பில் கொடுத்துப் பணம் வாங்குவதுதான் வழக்கம். அதையும் கார்டில் போட்டால்? நவம்பருக்குள் சேர்ந்துவிடும்.

தூக்கம் வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. எனக்கே கொஞ்சம் கேவலமாகவும் இருக்கிறது – சாரைப் போலவே யோசிக்க ஆரம்பித்துவிட்டேனே என்று.

ஜூலை 12 – சனி

ஏழு பேரும் சம்பளக் கவரைப் பிரித்து அங்கேயே எண்ணிக் கொடுத்தார்கள். ஒருத்தரும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. நான் அப்படியே கொண்டுபோய்க் கார்டில் கட்டினேன். ஆப்பில் மைல் 9,310.

ஜூலை 26 – சனி

காதர்பேட்டை, ஆத்தப்பன் கடை. பட்டன்.

“கார்டுங்களா? கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேத்திக் குடுக்கோணுங் அம்மிணி. பேங்க்காரன் என்கிட்டப் புடுங்கறான், நான் யாருகிட்டப் புடுங்கறது?”

கம்பெனி அந்த இரண்டு சதவீதத்தைத் தராது. என் கையிலிருந்து போனது. பரவாயில்லை. அம்மா பறக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28 – வியாழன்

நேற்றிலிருந்து அமெரிக்காக்காரன் ஐம்பது சதவீத வரி. பெட்டி கட்டி வைத்த இரண்டு ஆர்டரை அப்படியே நிறுத்து என்று மெயில். காலையில் முதலில் படித்தது நான்தான். பிரிண்ட் எடுத்துச் சாரின் அறைக்குக் கொண்டுபோனேன்.

ஒன்றரை ஷிப்ட் இனி ஒரு ஷிப்ட். அந்த அரை ஷிப்டில்தான் எல்லோருக்கும் வீட்டு வாடகை. சீனியக்கா சொன்னது: “சாயங்காலம் ஆறுக்கெல்லாம் வீட்டுக்குப் போயி என்ன செய்ய? டிவி பாக்கவா வந்தோம் இந்த ஊருக்கு?”

சீட்டை நிறுத்திவிடலாம் என்றேன். “வாயக் கழுவு” என்றது.

செப்டம்பர் 9 – செவ்வாய்

அம்மாவும் நானும் குழந்தைக்கு மோதிரம் வாங்கினோம். ஒன்றரைக் கிராம், கொசு மாதிரி இருக்கிறது. தபால் ஆபீஸ் பணம் இதிலும் பாஸ்போர்ட்டிலும் தீர்ந்தது. நகைக்கடையில் நான் கார்டை நீட்டினேன், அம்மா ரொக்கத்தை எனக்குக் கொடுத்தது. “மைல் ஏறுமா?” என்று கேட்டது. இப்போது அம்மாவும் மைல் கேட்கிறது.

செப்டம்பர் 24 – புதன்

ஏறவில்லை. வங்கியிலிருந்து மெயில்: ‘எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளருக்கு’. நகை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், பெட்ரோல் – இவற்றுக்கு இந்த மாதத்திலிருந்து மைல் கிடையாது.

பிறகு எதற்குத்தான் இரட்டிப்பாகத் தருகிறார்கள்? ஹோட்டல், உணவகம், விமான டிக்கெட். அதாவது ஏற்கெனவே பறப்பவன் பறந்தால் மேலும் பறக்கலாம். கரண்டு பில் கட்டுபவள் கரண்டு பில் கட்டிக்கொண்டே இருக்கலாம்.

அவர்களிடம் சொன்னேன். சீனியக்கா கொஞ்ச நேரம் யோசித்தது. “அப்ப மளிகையத் தேயி. தின்னுறதுக்குமா வேணாங்குறான்?”

அக்டோபர் 18 – சனி

போனஸ் எல்லோருக்கும் போன வருடத்தில் பாதி. ஆனாலும் தீபாவளித் துணி எடுக்கத்தானே வேண்டும். ஏழு பேரும் கூட்டமாக ஒரே ஜவுளிக்கடைக்குப் போனோம். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் கார்டோடு நின்றேன். அவர்கள் வரிசையில் வந்து ரொக்கத்தை என்னிடம் தர, நான் தேய்க்க, தர, தேய்க்க. கல்லாக்காரர் வேடிக்கை பார்த்தார். “ஏனுங், ரொக்கந்தான் இருக்குதே, அப்புறம் எதுக்குங் கார்டு?”

சீனியக்கா: “நாங்க ஏரோப்ளேன் கட்டிக்கிட்டு இருக்கோம்யா. ரெக்கை வாங்கியாச்சு, இன்னும் வால்தான் பாக்கி.”

இந்த வருடத்தில் நான் அதிகம் சிரித்த நாள். மைல் 16,720.

நவம்பர் 6 – வியாழன்

18,060.

அதைப் பார்த்ததும் கழிவறைக்குப் போய் அழுதேன், மடைச்சி மாதிரி. பிறகு அங்கேயே நின்று ஆப்பில் தேடினேன். டிசம்பர் 1 முதல் 10 வரை – இடம் இல்லை. நவம்பர் கடைசி – இல்லை. கோயம்புத்தூரிலிருந்து நேராகப் போகும் விமானத்துக்கு இந்த மைல் செல்லாது. கொச்சியிலிருந்து, அதுவும் இல்லை. சென்னையிலிருந்து, இல்லை. பணம் கொடுத்தால் எல்லா நாளும் இடம் இருக்கிறது. அதே விமானம், அதே நாள். மைல் என்றதும் நிரம்பிவிடுகிறது.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். இருபது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண், பாவம் என்னைப் போலத்தான் இருப்பாள். “மைல் டிக்கெட்டுக்கு ஒரு விமானத்துல சில இடம் மட்டும்தான் மேடம். அடிக்கடி செக் பண்ணுங்க.” வரி, கட்டணம் என்று 9,400 ரூபாயும் தனியாகக் கட்ட வேண்டுமாம். அதையும் இந்தக் கார்டிலேயே. இலவச டிக்கெட்டுக்கு.

இன்னொன்றும் பார்த்தேன். பயணியின் பெயர் போடும் இடத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். அப்பா, அம்மா, கணவன், பிள்ளை, உடன்பிறப்பு, மாமனார், மாமியார். அவ்வளவுதான். வேறு யாருக்கும் என் மைலில் டிக்கெட் எடுக்க முடியாது.

சீனியக்காவுக்கு முடியாது. எடுப்பு எடுக்கவே முடியாத சீட்டுக்கு ஏழு பேரிடம் பிடித்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டபோது படிக்கவில்லை. யார்தான் படிக்கிறார்கள்? – என்று எழுதினால் சரியாகிவிடுமா?

இன்று சொல்லவில்லை.

நவம்பர் 7 – வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 20 – வியாழன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

அம்மாவுக்கு மாமா எடுத்த விசா நேற்று வந்தது. அறுபது நாளுக்குள் நுழைய வேண்டும். இன்று மத்தியானம் 2.10க்கு ஆப்பைத் திறந்தால் டிசம்பர் 3, சென்னையிலிருந்து, ஒரே ஒரு இடம். திரும்பி வரவும் இருந்தது. அம்மா பெயர், பாஸ்போர்ட் எண், எல்லாம் போட்டேன். 9,400 கட்டு என்றது. கட்டினேன்.

பணம் போகவில்லை, கார்டில் இடம் இல்லை.

வரம்பு நாற்பதாயிரம். இந்த வாரம் ஜிப் மட்டும் இருபத்தாறாயிரத்துக்கு எடுத்தேன். மீதி இவர்கள் மளிகை, ரீசார்ஜ். சனிக்கிழமை எல்லாப் பணமும் வந்துவிடும், கார்டு காலியாகிவிடும். ஆனால் இன்று வியாழக்கிழமை.

அக்கவுண்ட்ஸில் போய் ஜிப் பில்லுக்கு இன்றைக்கே பணம் கேட்டேன். “சனிக்கிழமைதானே தருவாங்க? உனக்கு மட்டும் என்ன புதுச் சட்டம்?” சார் ஈரோட்டில். போன் எடுக்கவில்லை.

கீழே ஓடினேன். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். சீனியக்கா பெடலிலிருந்து காலை எடுத்தது. டீ நேரத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது, சூப்பர்வைசர் முறைத்தும் ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். கைப்பை, டிபன் பை, ஜாக்கெட்டுக்குள், செருப்பு வைக்கும் அலமாரியில் இருந்த பர்ஸ். ஒருத்தி பஸ் காசையும் வைத்தாள். இந்த ஊரில் வியாழக்கிழமை யாரிடமும் காசு இருக்காது. போன வாரச் சம்பளம் தீர்ந்திருக்கும், இந்த வாரச் சம்பளம் வந்திருக்காது. இது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.

என் கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம். மேலே ஓடி ஒவ்வொரு மேசையாகக் கேட்டுத் தேற்றியபோது 3.40. கார்டில் கட்டினேன். ‘உங்கள் பணம் சிறிது நேரத்தில் வரவு வைக்கப்படும்.’

4.25க்கு வரவு வைத்தார்கள். 4.26க்குப் பார்த்தால் அந்த இடம் இல்லை.

யாரை அடிப்பது? சொல்லுங்கள், யாரை?

நவம்பர் 22 – சனி

சீனியக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். உறவு இல்லாதவர்களுக்கு எடுக்க முடியாது, உனக்கு எடுப்பே கிடையாது என்று. முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“என்னென்ன ஒறவு போட்ருக்கான்?”

சொன்னேன்.

“மாமியா இருக்குல்ல. எம்மகனக் கட்டிக்க. நான் மாமியாளா உரிமையோட ஏறி ஒக்காந்துக்குறேன்.” சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதுவும் நிறுத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தது, கோத்த நூலை உருவி மறுபடி கோத்தது.

“மத்தவளுககிட்டச் சொல்லாத. பொங்கலுக்கு அப்பறம் நானே சொல்லிக்கிறேன். இப்பத்தான் ஆசையா இருக்காளுக.”

சீனியக்கா திட்டியிருந்தால் தேவலாம்.

டிசம்பர் 1 – திங்கள்

விமானக் கம்பெனியின் மெயில். ‘உங்கள் பயணங்களை மேலும் இனிமையாக்க’ மைல் அட்டவணையை மாற்றியிருக்கிறார்கள். ஷார்ஜா போய்வர இனி 29,000.

என் கையில் 19,400 மைல். நான் எங்கும் நகரவில்லை. ஊர்தான் தள்ளிப் போய்விட்டது.

டிசம்பர் 4 – வியாழன்

விடுமுறைக் காலம், பணம் கொடுத்துப் போனால் 31,000. மோதிரத்தை விற்று, மேலே கடன் வாங்கலாம் என்றேன். அம்மா ஒப்பவில்லை. “பொறக்கப் போற கொளந்தைக்குன்னு வாங்குனத வித்துப்போட்டு நான் போயி அது மூஞ்சில எப்புடி முளிக்கறது? போன வாட்டி ஆனது போதாதா?” கடன் யார் தருவார்கள்? இப்போது வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை என்று ஊருக்கே தெரியும்.

டிசம்பர் 12 – வெள்ளி

பெண் குழந்தை. அறுவை சிகிச்சை. காலை ஐந்தரைக்கு மாமா போன்.

அம்மா முதலில் கேட்டது: “அளுதுச்சா?” அழுதது என்றதும் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டது. அரை மணி நேரம் திரும்பி வரவில்லை.

இரவு வீடியோவில் அக்கா. தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டி எடுக்கப் பார்க்கிறாள், எட்டவில்லை. அம்மா இங்கிருந்து போனுக்குள் கையை நீட்டியது. தன்னையறியாமல்தான். நான் பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 14 – ஞாயிறு

உட்கார்ந்து யோசித்தேன். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 5,900. ஆத்தப்பன் கடை முதல் ஜிப் கடை வரை நான் கைக்காசாகக் கொடுத்த இரண்டு சதவீதம் எல்லாம் சேர்த்து ஆறாயிரம். டிக்கெட் கிடைத்திருந்தால் வரி 9,400. ஆக ‘இலவச’த்துக்கு 21,300. ஜூன் மாதம் தபால் ஆபீசிலிருந்து பதினெட்டாயிரத்தை எடுத்து நேராக ஒரு டிக்கெட் வாங்கியிருந்தால் அம்மா இன்று அங்கே இருந்திருக்கும். அவ்வளவுதான் கதை.

இந்தக் கார்டு பொய்யா? இல்லை. அதுதான் எரிகிறது. சாருக்கு அது உண்மை. மாதம் எண்பது லட்சத்துக்கு நூல் வாங்குபவனுக்கு, ஆறு மாதம் முன்னாலேயே தேதி குறிக்க முடிகிறவனுக்கு, எந்த ஊர் வழியாகச் சுற்றிப் போனாலும் மொழி தெரிந்தவனுக்கு, வியாழக்கிழமையும் கையில் காசு இருப்பவனுக்கு உண்மை. ஆத்தப்பன் என்னிடம் நேராகக் கேட்டு வாங்கினார், மற்ற கடைக்காரர்கள் அவன் பறக்கும் காசைச் சாமான் விலையிலேயே ஏற்றுகிறார்கள். கார்டே இல்லாதவளும் அதே சாமானுக்கு அதே விலை கொடுக்கிறாள். நான் நடுவில் போய் நின்று, எனக்கும் ஒரு இடம் கேட்டேன்.

டிசம்பர் 29 – திங்கள்

அம்மா நெய் உருக்கியது. மூன்று கிலோ. முருங்கைக்கீரை போட்டு, பொன்னிறத்தில். வீடெல்லாம் மணம். அக்காவுக்குத்தான், வேறு யாருக்கு?

ஜனவரி 2, 2026 – வெள்ளி

சார் ஞாயிற்றுக்கிழமை துபாய் போகிறார். அமெரிக்காக்காரன் கைவிட்டதால் அங்கே சரக்கு வாங்க ஆள் பிடிக்க. டிக்கெட் வேலை வழக்கம்போல நான்தான். மைலில் எடுத்தது, அவருடைய மைலுக்கு இடம் இருந்தது. சாமான் நாற்பது கிலோ கொண்டுபோகலாம், அவர் பெட்டி பதினான்கு கிலோ.

ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றேன். பிறகு உள்ளே போய், அக்காவுக்கு நெய் கொண்டுபோக முடியுமா என்று கேட்டேன்.

“அட, இதுக்கெதுக்குக் கண்ணு இவ்வளவு தயங்கற? குடு, கொண்டு போயிரலாம். உன்ற மாமன ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லு.” பிறகு, “அம்மாவே போறதாச் சொன்னியே, என்னாச்சு?”

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவர் அக்கறையாகத்தான் கேட்டார். பத்தொன்பதாயிரம் மைல் என்றதும் நிமிர்ந்தார்.

“உன்ற சம்பளத்துல பத்தொம்பதாயிரமா? எதுலத் தேச்ச?”

“மளிகைங்க… அப்பறம் நம்ம பட்டன், ஜிப்புப் பில்லுங்க சார்.”

“ஓ” என்றார். சிரித்தார். “கெட்டிக்காரிதான்.”

ஜனவரி 5 – திங்கள்

மேனேஜர் கூப்பிட்டு ஒரு கார்டைக் கொடுத்தார். கறுப்பு, கனமாக இருக்கிறது. கம்பெனி பெயர், கீழே சாரின் பெயர். “இனிப் பட்டன், லேபிள், ஜிப் எல்லாம் இதுலதான் போடோணுமாம். ரெண்டு பர்சென்ட்டும் கம்பெனி கணக்குல. உனக்கும் நல்லதுதான? கைக்காசு போட வேண்டியதில்ல.”

நல்லதுதான். மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. கோபப்படக்கூட இடம் வைக்காமல் செய்கிறார்கள்.

இனிப் பட்டன், ஜிப் மைலெல்லாம் சாருக்கு, மூன்று கிலோ நெய்க்கு அதைத்தான் டிக்கெட்டாகக் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 9 – வெள்ளி

அக்கா படம் அனுப்பினாள். தட்டில் சோறு, மேலே நெய். ‘அம்மாட்ட சொல்லு, மூடியத் தெறந்ததும் அளுதுட்டேன்.’ மாமா ஓட்டலுக்குப் போகும்போது குழந்தையையும் அக்காவையும் வேனிலேயே கூட்டிக்கொண்டு போனாராம். சார் கீழே வந்து குழந்தையைப் பார்த்தாராம்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அவரு பாத்தாரா?” என்றது. “நேர்லயா?” என்றது.

ஜனவரி 18 – ஞாயிறு

அம்மாவின் விசா இன்றோடு முடிந்தது. அந்த ‘உறவு’ விஷயத்தை மற்ற ஆறு பேரிடமும் சீனியக்கா சொல்லிவிட்டதாம். “நெய்யாச்சும் போய்ச் சேந்துச்சுல்ல” என்றாள் ஒருத்தி.

ஜனவரி 24 – சனி

மத்தியானம் வாட்ச்மேன் வந்து, “உங்கம்மா வந்திருக்காங்க” என்றார். நான் வரச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே, எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் சேலையில் அம்மா நின்றது. கையில் சுருட்டிய பை.

“என்னம்மா?”

“உன்ற மொதலாளியப் பாக்கோணும்.”

“எதுக்கு?”

“நீ சும்மா இரு சாமி.”

சார் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். கார் கேட்டுக்கு வந்ததும் அம்மா வழியில் போய் நின்றுவிட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். நல்லவேளை, அவர் கண்ணாடியை இறக்கினார். யாரென்று தெரிந்ததும், “நெய் பத்தரமாப் போய்ச் சேந்துருச்சுங்க அம்மா” என்றார்.

“சந்தோசமுங்க சாமி. கொளந்தையப் பாத்தீங்களாமா?”

“பாத்தனுங்க. நல்லா இருக்குதுங்க.”

அம்மா பைக்குள் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தது. அதற்குள் நகைக்கடையின் சிவப்புத் தாள். அதைப் பிரிக்கவில்லை, கையில் மட்டும் வைத்துக்கொண்டது.

“வெரலு எப்புடி இருந்துச்சுங்க? குண்டாவா, ஒல்லியாவா? ஒரு மோதிரம் செஞ்சு வெச்சிருக்கறன். நான் போறதுக்குள்ள பத்தாமப் போயிருமோன்னு…”

சாருக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அவர் உண்மையிலேயே யோசித்தார், அதையும் சொல்ல வேண்டும். “கையெல்லாம் துணிக்குள்ள சுத்தி இருந்துச்சுங்கம்மா. பாக்கலீங்க. தூங்கிட்டு இருந்துச்சு.”

“தூங்கிட்டு இருந்துச்சுங்களா.”

“ஆமாங்க.”

கார் போய்விட்டது.

நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். சீனியக்கா தையல் ஹால் ஜன்னலிலிருந்து கையைக் காட்டியது, அம்மாவும் காட்டியது. இருவரும் இன்றைக்குத்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஊத்துக்குளிக்கு இரண்டு டிக்கெட், இருபது ரூபாய், ரொக்கம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ரயில் நகர்ந்த பிறகு அம்மா மோதிரத்தைத் தாளோடு பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணிடம், கேட்காமலேயே சொன்னது:

“எம்பேத்தி. தூங்கிட்டு இருந்துச்சாமா.”